திமிலில் முப்பது நொடி: மாடுபிடி வீரரின் ஆட்டக்காலம்

சிவகங்கை மாவட்டம் பூவந்தியைச் சேர்ந்த அபிசித்தர் 2023 தைப் பொங்கலுக்கு அலங்காநல்லூர் வாடிவாசலில் 26 காளைகளைப் பிடித்து முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு அதே வாசலில் அவர் பிடித்தவை 17. மதுரை கருப்பாயூரணி கார்த்திக் 18 பிடித்து முந்திக்கொண்டார். அடுத்த வாரமே, 2024 ஜனவரி 24 அன்று, அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டபோது நடந்த முதல் போட்டியில் 10 காளைகளைப் பிடித்து அபிசித்தர் முதல் பரிசை வாங்கினார். 2025இல் மறுபடி அலங்காநல்லூர், 20 காளைகள், மறுபடி முதலிடம். கார்த்திக்கும் நேற்று வந்தவரல்ல. 2022இல் 21 காளைகளைப் பிடித்து அதே மேடையில் கார் சாவியை வாங்கியவர்.

இரண்டு வீரர்களின் நான்கு ஆண்டு விளையாட்டு வாழ்க்கையை இப்படி ஒரு பத்தியில் எழுத முடிகிறது. எழுத உதவியவை பொங்கல் முடிந்த மறுநாள் நாளிதழ்களில் வந்த செய்திகள். அதற்கு மேல் ஒரு வரி எழுதலாம் என்றால் கை நின்றுவிடுகிறது. இவர்கள் முதன்முதலில் எந்த ஊர் வாடிவாசலில் இறங்கினார்கள்? புதுக்கோட்டை, திருச்சி, திண்டுக்கல் பக்கத்துப் போட்டிகளில் எத்தனை பிடித்தார்கள்? எத்தனை முறை கொம்பு பட்டது, எத்தனை தையல், எத்தனை மாதம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்கள்? முதல் மூன்று இடத்துக்குள் வராத நூற்றுக்கணக்கான வீரர்களைப் பற்றி இந்த அளவுக்குக்கூடத் தெரியாது. ஜல்லிக்கட்டைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் காளை இருக்கிறது, பண்பாடு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. மாடுபிடி வீரர் எத்தனை ஆண்டு ஆடுகிறார், ஆடி முடித்தபின் என்ன ஆகிறார் என்ற கேள்விதான் இல்லை.

உடம்பை மோதவிட்டு ஆடும் வேறு ஆட்டங்களோடு வைத்துப் பார்த்தால் இந்த வெற்றிடத்தின் அளவு புரியும். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரணியின் நடுவே பிளந்து ஓடும் 'ரன்னிங் பேக்' என்றொரு ஆட்டக்காரர் உண்டு. ஒவ்வொரு ஓட்டமும் யாராவது அவரைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவதில்தான் பெரும்பாலும் முடியும். அந்த ஆட்டத்திலேயே மிகச் சீக்கிரம் உடம்பு தேய்ந்துபோகும் இடம் அது. அங்குள்ள வீரர்கள் சங்கத்தின் கணக்கில் ஒரு ரன்னிங் பேக்கின் சராசரி ஆட்டக்காலம் மூன்று ஆண்டுகூட இல்லை. எம்மிட் ஸ்மித் என்பவர் 1990 முதல் 2004 வரை 15 பருவங்கள் தாக்குப்பிடித்தது பெரும் விதிவிலக்கு. அவர் 4,409 முறை பந்தைச் சுமந்து 18,355 கெஜம் ஓடினார். ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று பருவம் அணியில் இருந்தவருக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. பணம் கொழிக்கும் நாட்டின் கதை அது என்று தள்ளிவிட வேண்டியதில்லை. நம் கபடியையே பார்க்கலாம். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு ஏலத்தில் அதைவிடக் கூடுதல் விலைக்குப் போனார். அவர் அதுவரை எடுத்த ஒவ்வொரு ரெய்டுப் புள்ளியும் ஏட்டில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். காயம் பட்டவரின் மதிப்பைக் காப்பாற்றுவது அந்த ஏடுதான்.

வாடிவாசலில் நடப்பது அமெரிக்க ஆட்டத்துக்கு நேர் தலைகீழ். இங்கே பிளந்துகொண்டு ஓடுவது காளை, கட்டிப்பிடிப்பவர் மனிதர். ஓடுகிறவரின் எடை முந்நூறு, நானூறு கிலோ. அதற்குக் கொம்பும் உண்டு.

பிடிப்பது எப்படி என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வீரர்கள் வாசலின் இரு பக்கமும் கட்டையை ஒட்டி நிற்கிறார்கள். மாடு வெளியே பாயும்போது கொம்பும் தலையும் கடந்து போக விட்டு, தோள் வரும் கணத்தில் பக்கவாட்டில் தாவி விழ வேண்டும். இரண்டு கையும் திமிலைச் சுற்றி இறுகும். நெஞ்சு மாட்டின் தோளோடு ஒட்டும். கால் தரையை விட்டு எழும்பிவிடும். அரை நொடி முந்தினால் கொம்புக்கு நேரே போய் விழுவார், அரை நொடி பிந்தினால் கைக்கு முதுகுதான் கிடைக்கும். மாடு துள்ளும், சுற்றும், தலையைத் திருப்பிக் கொம்பால் எட்டிப் பார்க்கும். திமிலோடு ஒட்டியிருக்கும்வரை கொம்புக்கு அவர் எட்டமாட்டார். பிடி நழுவி இடைவெளி விழுந்த இடத்தில்தான் ஆபத்து. அனுபவப்பட்டவர்கள் பிடிப்பதைவிட விடுவதைப் பெரிய வித்தை என்பார்கள். எப்போது கையை எடுப்பது, எந்தப் பக்கம் விழுவது, விழுந்தபின் எழுந்து ஓடாமல் அப்படியே கிடப்பது. ஓடும் மாட்டைப் பிடிப்பது ஒரு வகை. வாசலை விட்டு வந்து களத்திலேயே நின்று சுற்றிச் சுற்றிக் குத்தும் மாட்டை நெருங்குவது முற்றிலும் வேறு வகை. அதற்கு வேகம் போதாது, மாட்டின் கண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்.

2017இல் வந்த விதிகளின்படி வீரர் திமிலை மட்டுமே பிடிக்கலாம். கொம்பையோ வாலையோ தொடக்கூடாது. 15 மீட்டர் தூரம், அல்லது 30 நொடி, அல்லது மாட்டின் மூன்று துள்ளல், இவற்றில் ஒன்றைத் தாங்கினால் மாடு பிடிபட்டதாகக் கணக்கு. ஒரு மாட்டை ஒருவர்தான் பிடிக்க வேண்டும். ஒலிபெருக்கியில், "ஒரு ஆளு மட்டும் பிடிங்கப்பா, ஒரு ஆளு" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். 20 மாடு பிடித்த வீரர், ஒவ்வொன்றுக்கும் முழு முப்பது நொடி என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் திமிலில் இருந்தது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் காலையிலிருந்து மாலை வரை களத்தில் நிற்கிறார். எடை, ரத்த அழுத்தம், மது அருந்தியிருக்கிறாரா என்ற சோதனையெல்லாம் முடிந்து, எண் அச்சிட்ட பனியன் மாட்டி, சுற்றுச் சுற்றாக இறக்கப்படுகிறார். ஒரு சுற்றில் நன்றாகப் பிடித்தவர்களே அடுத்த சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் போகிறார்கள். சுற்று ஏற ஏற உடம்பு களைக்கும். ஒவ்வொரு முறையும் வாசலில் வந்து நிற்கும் மாடோ அப்போதுதான் அவிழ்த்துவிட்ட புது மாடு. கடைசிச் சுற்றுகளில் வீரருக்கும் மாட்டுக்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வைப் பேசுகிறவர்கள் குறைவு.

தை 1இல் அவனியாபுரம், 2இல் பாலமேடு, 3இல் அலங்காநல்லூர். மதுரையைச் சுற்றியுள்ள இந்த மூன்று ஊர்களும் மூன்று விதம். அவனியாபுரம் மாநகராட்சி எல்லைக்குள் அடங்கிய ஊர். விழாவை யார் நடத்துவது என்ற சச்சரவு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைவரை போன இடம். பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடல். அலங்காநல்லூரில் முனியாண்டி கோயில் மாட்டை முதலில் அவிழ்ப்பார்கள், அதை யாரும் பிடிப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் தச்சன்குறிச்சியில் ஆண்டின் முதல் வாடிவாசல் திறப்பதிலிருந்து மே மாதம் வரை பருவம் நீளும். ஆக, ஒரு வீரரின் ஆண்டு என்பது ஐந்து மாதம். மற்ற ஏழு மாதமும் அவர் வண்டி ஓட்டுகிறார், பெயின்ட் அடிக்கிறார், கட்டட வேலைக்கோ வயலுக்கோ போகிறார், சிலர் கல்லூரியில் படிக்கிறார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். முப்பதைத் தாண்டியும் இறங்குகிறவர்கள் உண்டு, ஆனால் கட்டையிலிருந்து தாவும் அந்த அரை நொடி முப்பதுக்கு மேல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உச்சத்தில் இருக்கும் காலம் ஐந்தாறு பொங்கல் என்று சொன்னால் பெரிய தவறு இருக்காது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஜல்லிக்கட்டுத் தடைக் காலத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் ஆகியோர் அளித்த தீர்ப்பு, 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 2015 பொங்கலும் 2016 பொங்கலும் வாடிவாசல் திறக்காமலே போயின. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் மாணவர்கள் திரண்டபின், அவசரச் சட்டம் வந்து, பிப்ரவரி 5 அன்று அவனியாபுரத்திலும் 9 அன்று பாலமேட்டிலும் 10 அன்று அலங்காநல்லூரிலும் மாடுகள் அவிழ்க்கப்பட்டன. இந்த மூன்று ஆண்டுகளில் நாட்டு மாடுகள் அடிமாட்டுக்குப் போனதைப் பற்றி நிறையப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் 2014இல் 25 வயதில் உச்சத்தில் இருந்த வீரர் 28 வயதில் திரும்பி வந்தார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்தாறு பொங்கல் ஆட்டக்காலத்தில் இரண்டு பொங்கல் போனால் அது மூன்றில் ஒரு பங்கு வாழ்க்கையாவது இருக்கும். அந்தத் தலைமுறை வீரர்கள் யார் யார் என்று கேட்டால் ஊருக்கு ஊர் பெயர் சொல்வார்கள், பட்டியல் கிடைக்காது. 2023 மே 18 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐவர் அமர்வு, அந்த அவசரச் சட்டத்தைத் தொடர்ந்து தமிழ்நாடு இயற்றிய சட்டத்தை ஏற்றுக்கொண்டது. முதல் தீர்ப்பின் மையம் காளையின் உரிமை, இரண்டாவதன் மையம் பண்பாட்டைப் பற்றிச் சட்டமன்றம் எடுத்த முடிவு. இரண்டுக்கும் நடுவே நின்ற மனிதர் இரண்டிலும் ஓரத்துக்கே தள்ளப்பட்டார்.

இனி காயம். கொம்புக் காயத்தின் கொடுமை வெளியே தெரிவதில்லை. தோலில் இரண்டு விரல் அகலத் துளைதான் இருக்கும். உள்ளே போன கொம்பு, மாடு தலையை ஆட்டும்போது திசை மாறித் திசை மாறிக் கிழித்திருக்கும். அடிவயிறு, தொடை இடுக்கு, விலா ஆகியவைதான் அதிகம் அகப்படும் இடங்கள். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் நிமிடங்கள்தான் அவகாசம். கொம்பில் இருக்கும் மண்ணும் சாணமும் காயத்துக்குள் போவதால் சீழ் பிடிப்பதும் ரணஜன்னியும் தனி ஆபத்து. களத்தில் மருத்துவக் குழுவும் 108 வண்டிகளும் நிற்கின்றன, பலத்த காயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு விரைகிறார்கள். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது ஆண்டுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய மாற்றம். ஸ்பெயினில் காளைச் சண்டைக் காயத்துக்கென்றே தனித் தேர்ச்சி பெற்ற அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அரங்குக்குள்ளேயே அறுவைக் கூடம் இருக்கிறது. மாட்ரிட் லாஸ் வென்டாஸ் அரங்கின் வாசலில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்கு 1964இல் சிலை வைத்தவர்கள் காளைச் சண்டை வீரர்கள். தங்கள் உயிரைக் காப்பது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே காளையைக் கொல்கிறார்கள், இங்கே கொல்வதில்லை. அந்தப் பெருமை நமக்கு உண்டு. மனிதரைக் காப்பதில் அவர்களிடம் கற்க இருக்கிறது.

2023 பாலமேட்டில், அந்த ஊரையே சேர்ந்த ஒரு வீரர் ஒன்பது மாடு பிடித்து முன்னணியில் இருந்த நிலையில் வயிற்றில் குத்துப்பட்டு இறந்தார். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2025 அவனியாபுரத்தில் இன்னொரு இளைஞர். மரணத்துக்கு ஒரு தொகை, ஒரு இரங்கல் அறிக்கை என்று ஏதோ ஒரு வழி இருக்கிறது. சாகாமல் அடிபட்டவருக்குத்தான் வழியில்லை. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் கிடைக்கும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். குடல் கிழிந்து தைக்கப்பட்டு, நான்கு மாதம் மூட்டை தூக்க முடியாமல் படுத்திருக்கும் கூலிக்காரருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. மாடுபிடி வீரருக்கு நேரும் காயங்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

பரிசுகளோ கண்ணைப் பறிக்கும். பிடித்த ஒவ்வொரு மாட்டுக்கும் தங்கக் காசு, அண்டா, சைக்கிள், பீரோ, கட்டில், ரொக்கம். முதலிடத்துக்குக் கார். வீட்டு நடையில் பரிசு அண்டாக்கள் அடுக்கியிருக்கும் வீரர்கள் மதுரைக் கிராமங்களில் உண்டு. ஆனால் மேடையில் கார் சாவியை வாங்கிய கையோடு மைக்கில் பலர் கேட்பது அரசு வேலை. ஒரு இளைஞன் காரைக் கையில் வைத்துக்கொண்டு மாதச் சம்பளம் கேட்கிறான் என்றால், தன் உடம்பு இன்னும் எத்தனை பொங்கல் தாங்கும் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான் என்று பொருள். தென் மாவட்டக் கபடி வீரர்களுக்கு ரயில்வே, மின்வாரியம், காவல்துறை என்று ஒரு பாதை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அது இரக்கத்தால் போட்ட பாதை அல்ல. எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எந்த இடம் என்று சான்றிதழ் இருந்ததால் போட முடிந்தது. மாடுபிடி வீரருக்கு வேலை தரலாம் என்று நாளைக்கு எந்த அரசு முடிவெடுத்தாலும் முதல் கேள்வி, யார் எத்தனை பிடித்தார் என்பதற்குச் சான்று எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

சான்று எவ்வளவு மெலிந்தது என்பதை 2021 அலங்காநல்லூர் காட்டியது. 33ஆம் எண் பனியனோடு இறங்கியவர் ஒருவர், அவர் விலகியபின் அதே பனியனைப் போட்டு ஆடியவர் வேறொருவர், இருவர் பிடித்த மாடுகளையும் ஒரே எண்ணில் கூட்டி முதலிடம் கொடுத்துவிட்டார்கள் என்று புகார் எழுந்தது. வழக்கு நீதிமன்றம் போனது. அதில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பொருட்டல்ல. ஓர் ஆளின் நாள் முழு உழைப்பும் அவர் பெயரில் ஏறாமல் ஒரு பனியன் எண்ணில் ஏறியதே என் கவலை.

மாட்டுக்கு இந்தக் குறை இல்லை. அதற்குப் பெயர் உண்டு, சொந்தக்காரர் உண்டு, எந்த ஊரில் யார் கைக்கும் சிக்காமல் வந்தது என்ற வரலாறு உண்டு. பருத்திக்கொட்டை, பேரீச்சை, முட்டை, நீச்சல், மண் குத்தும் பயிற்சி என்று வளர்க்கிறார்கள். பிடிபடாத மாட்டின் விலை ஏறிக்கொண்டே போகும். இறந்தால் மாலை போட்டு, மேளம் வைத்து அடக்கம் செய்து, கோயில் கட்டுவோரும் உண்டு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாட்டை இப்படி நினைவில் வைக்கத் தெரிந்த ஊர்தான் மனிதரை மறந்து நிற்கிறது என்பதே என் வருத்தம்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலில் மனிதரை எப்படி நினைவில் வைப்பது என்பதற்கு ஒரு விடை இருக்கிறது. தன் தகப்பன் அம்புலியைக் குத்திக் கொன்ற காரி என்ற காளையைப் பிடிக்க வருகிறான் பிச்சி. கூட்டத்தில் நிற்கும் ஒரு கிழவர்தான் அம்புலி யார், எப்படிப் பிடிப்பான் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர். அந்தக் காலத்தில் பதிவேடு என்பது அந்தக் கிழவர்தான். வாசலோரம் நின்று, ஒரு வீரனின் திறமையை அவன் மகனிடம் ஒப்படைக்கிறவர். பத்து ஊர்க்காரர்கள் கூடிய சல்லிக்கட்டுக்கு அது போதுமாக இருந்திருக்கும். மூன்று நாளில் மூன்று ஊரில் ஆயிரக்கணக்கான காளைகள், இணையவழிப் பதிவு, ஆதார் எண், நேரலை, 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் அரங்கம் என்று வளர்ந்துவிட்ட ஆட்டத்துக்குக் கிழவரின் நினைவு போதாது.

தேவையான தகவல் எல்லாம் ஏற்கெனவே மாவட்ட நிர்வாகத்தின் கையில் வந்து போகிறது. வீரரின் பெயர், வயது, ஊர், உடற்தகுதி பதிவின்போதே வாங்கப்படுகிறது. எந்தச் சுற்றில் யார் எத்தனை பிடித்தார் என்பது விழாக் குழுவின் தாளில் எழுதப்படுகிறது. யாருக்கு எங்கே காயம் என்பது மருத்துவக் குழுவின் குறிப்பில் இருக்கிறது. மூன்றையும் ஒரே ஏட்டில் சேர்த்து, ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து, வீரருக்கு ஒரு நிரந்தர எண் கொடுத்து, பிடி மாட்டுக் கணக்கைப் பொதுவில் வெளியிட்டால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை. காயப்பட்ட வீரருக்கு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலி ஈடு செய்யும் ஒரு காப்பீட்டை அந்த ஏட்டின் மேல்தான் கட்ட முடியும். அதற்கான பிரீமியத்தைப் பரிசுப் பொருள் தரும் நிறுவனங்களிடமே கேட்கலாம், ஒரு காரின் விலையில் அது அடங்கிவிடும். கீழக்கரை அரங்கம் ஆண்டில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. அங்கே பழைய வீரர்களை வைத்து இளையவர்களுக்கு விழுவதற்கும் விடுவதற்கும் பயிற்சி கொடுத்தால், முப்பது வயதில் ஆட்டத்தை விட்டவருக்கு அதுவே ஒரு பிழைப்பாகும்.

அடுத்த தைக்கு மதுரை மாவட்ட நிர்வாகமும் மூன்று ஊர் விழாக் குழுக்களும் இந்த ஏட்டைத் திறக்க வேண்டும். பழைய பக்கங்களை ஊர்க்காரர்கள் நிரப்பலாம். உங்கள் ஊரில் 1980களிலும் 90களிலும் மாடு பிடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் மாடு, எங்கே காயம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.